கயமும் வாளையும்

(கயத்தாறில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

கயத்தாறில் ஒருவனைப் பேசக் கூப்பிட்டால் அவன் கட்டபொம்மனைப் பற்றிப் பேசுவான். 1799 அக்டோபர் 16-ஆம் தேதியையும் அந்தப் புளியமரத்தையும் என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். கட்டபொம்மனை விட்டால் காற்றாலை. அதையும் விட்டால், மழை இல்லை என்ற பேச்சு. நான் மீனைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும் விழாவை ஏற்பாடு செய்த தம்பி கொஞ்ச நேரம் போனில் பேசவே இல்லை. பிறகு, "கடல் மீனா சார்வாள்?" என்று கேட்டார். குளத்து மீன் என்றேன். "நம்ம குளத்துலயா?" என்றார்.

அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். ஆண்டுக்கு எழுநூறு மில்லிமீட்டரைச் சுற்றி மழை பெய்கிற கரிசல் சீமை இது. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். சித்திரையில் குளத்துக்குள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். வெடிப்புக்குள் விழுந்த பந்தைக் கம்பு விட்டு எடுக்கிறார்கள். இங்கே மீனைப் பற்றி ஒரு மணி நேரம் பேச என்ன இருக்கிறது?

ஊர்ப் பெயரிலிருந்து தொடங்குகிறேன். கயம் என்றால் ஆழமான நீர்நிலை. பழைய இலக்கியத்தில் திரும்பத் திரும்ப வரும் சொல். இந்த ஊர்ப் பெயருக்கு வேறு விளக்கங்களும் சொல்வார்கள். அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை. எனக்கு வேண்டியது அந்தச் சொல் மட்டும்தான். அது செத்துப்போகவில்லை. நம் வாயில் உயிர் உசிராகிறது, உயரம் ஒசரமாகிறது, முயல் மொசலாகிறது. அதே போலக் கயம் கசமாகி நம்மோடுதான் இருக்கிறது. "அந்தப் பக்கம் போகாத, கசம் கிடக்கு" என்று ஆற்றங்கரையில் சொல்லி வளர்த்தார்களே, அந்தக் கசம். ஆற்றிலோ குளத்திலோ எந்தக் கோடையிலும் வற்றாமல், ஆள் இறங்கினால் தரை தட்டாமல் இருக்கிற இடம்.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது அந்தக் கசத்தைப் பற்றித்தான். மீன் அதற்குச் சாட்சி.

கொஞ்சம் தூரம் போய்விட்டு வருவோம். அயர்லாந்தின் வடமேற்கில் டானகால் என்று ஒரு பகுதி. அங்கே எஸ்க் என்று ஓர் ஏரி. அதில் ஒரு மீன் இருக்கிறது. பெயர் சார். நம் ஊரில் சார் என்றால் வாத்தியார். முப்பது வருஷம் அந்தப் பெயரில் வாழ்ந்தவன் என்பதால் அந்த மீன்மேல் எனக்குத் தனிப் பாசம். சால்மன், டிரவுட் குடும்பத்தைச் சேர்ந்தது. குளிர்ந்த, தெளிந்த, ஆழமான தண்ணீர்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிற மீன். இனப்பெருக்கக் காலத்தில் வயிறு சிவந்துவிடும். வேல்ஸ் நாட்டில் அதற்குச் சிவந்த வயிறு என்ற பொருளிலேயே பெயர். எஸ்க் ஏரியின் சாரை 1863-ல் ஆல்பர்ட் குந்தர் என்ற விலங்கியலாளர் தனி இனமாக விவரித்தார். மீன் புதைபடிவங்களைச் சேர்ப்பதில் பித்தாக இருந்த கோல் என்ற அயர்லாந்துப் பிரபுவின் பெயரை அதற்கு வைத்தார். கோல் சார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மீன் அந்த ஏரிக்கு எப்படி வந்தது? பனியுகம் முடிந்து பனிப்பாறைகள் பின்வாங்கியபோது, ஏறக்குறைய பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன், கடலிலிருந்து ஆறுகள் வழியாக ஏறி வந்த மீன்கள் ஏரிகளில் தங்கிவிட்டன. பூமி சூடாகச் சூடாக அவற்றால் திரும்பிப் போக முடியவில்லை. ஏரியின் அடியாழத்தில் மட்டும் பனியுகத்தின் குளிர் மிச்சம் இருந்தது. அந்த மிச்சத்தில் குடியிருந்தன. ஏரிக்கு ஏரி தொடர்பில்லாததால் ஒவ்வோர் ஏரியின் சாரும் ஒவ்வொரு மாதிரி ஆயிற்று. அவற்றை எத்தனை இனமாகப் பிரிப்பது என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். பக்கத்துப் பக்கத்து ஊர்களில் சொந்தக்காரர்கள் குடியேறி, நாலு தலைமுறை போக்குவரத்தில்லாமல் இருந்துவிட்டு, நீங்கள் வேறு நாங்கள் வேறு என்று சொல்வதில்லையா, அந்தக் கதைதான்.

இங்கிலாந்தில் வின்டர்மியர் ஏரி. மிக ஆழமான இடத்தில் 64 மீட்டர். ஒரு காலத்தில் அந்த ஏரியின் சார் மீனை மசாலாவும் வெண்ணெயும் போட்டுச் சட்டியில் அடைத்து லண்டன் பெரிய வீடுகளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே சாருக்கு என்ன ஆயிற்று என்பதைக் கேளுங்கள். ஏரிக்குள் கழிவு நீரும் உரச் சத்தும் சேர்ந்தன. பாசி பெருகியது. பெருகிய பாசி செத்து அடியில் போய் விழுந்து மட்கியது. மட்கும்போது அடித்தண்ணீரின் ஆக்சிஜனைத் தின்றுவிட்டது. மேலே வந்தால் தண்ணீர் சூடு. கீழே போனால் மூச்சு இல்லை. நடுவில் ஒரு மெல்லிய அடுக்குதான் மீனுக்கு மிச்சம். கோடை நீளநீள அந்த அடுக்கும் மெலிகிறது. ஏரியில் தண்ணீர் ஒரு சொட்டுக் குறையவில்லை. கரையில் நின்று பார்த்தால் படம் எடுக்கத் தோன்றும். அயர்லாந்தில் கான் என்ற ஏரியில் சத்து மிகுந்து சார் மீன் அடியோடு போய்விட்டது.

ஏரி நிறையத் தண்ணீர் இருந்தும் ஆழம் பறிபோகலாம் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்த மீன் அது. நமக்கோ தண்ணீரும் இல்லை, ஆழமும் இல்லை.

இனி நம் மீனுக்கு வருகிறேன். வாளை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். தூத்துக்குடிப் பக்கம் வாளை என்றால் வெள்ளி நாடா மாதிரி நீளமான கடல் மீனைச் சொல்வார்கள், கருவாடாகவும் வரும். நான் சொல்வது அது இல்லை. இது ஆற்று வாளை, குளத்து வாளை. கெளுத்தி வகையறா; செதில் கிடையாது; நீண்ட மீசை உண்டு. பெயரைக் கேட்டாலே வாள் ஞாபகம் வருகிற மாதிரிப் பக்கவாட்டில் தட்டையான, வெள்ளி மின்னுகிற உடம்பு. இரண்டு மீட்டர் வரைக்கும் வளரக்கூடியது என்று புத்தகங்கள் சொல்கின்றன.

நான் பார்த்தது அவ்வளவு பெரிதில்லை. என் அம்மா பிறந்த ஊர் தாமிரபரணிக் கரையில், மருதூர் மேலக்கால் பாசனத்தில் இருக்கிறது. முழுப் பரீட்சை லீவுக்குக் கரிசலிலிருந்து அங்கே போவது எங்களுக்குச் சொர்க்கத்துக்குப் போவது மாதிரி. மாமா சாயங்காலம் உயிர்த் தவளையைத் தூண்டிலில் கோத்து, மடைக்குப் பக்கத்துக் கசத்தில் போட்டு, கயிற்றைக் கரையிலிருந்த உடைமரத்தில் கட்டிவிட்டு வந்துவிடுவார். வாளை ராத்திரியில்தான் இரை தேடும். விடியற்காலை போனால் ஒரு நாள் கயிறு விறைத்து நின்றது. இழுத்துப் போட்டபோது அந்த மீன் என் நெஞ்சு உயரம் இருந்தது. எனக்கு அப்போது எட்டு வயது. கரையில் கிடந்து ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தது. வாய் கண்ணைத் தாண்டிப் பின்னால் போகிறது! உள்ளே பொடிப் பற்கள், அரம் மாதிரி. கண்ணோ கடுகளவுக்குக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். இவ்வளவு பெரிய வாய்க்கு இவ்வளவு சின்னக் கண்ணா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றுக்குக் கீழே இருந்த செவுள், மன்னிக்கவும், துடுப்பு, சேலைக் கரை மாதிரி வாலை ஒட்டி நீளமாக ஓடியது. ஆச்சி அதன்மேல் அடுப்புச் சாம்பலைப் போட்டு வழுவழுப்புப் போகத் தேய்த்தாள். வயிற்றைக் கீறினால் முழுசாக இரண்டு கெண்டை, பாதி கரைந்த ஒரு நண்டு. "ஊரான் வீட்டுச் சொத்தெல்லாம் உள்ளதான் இருக்கு" என்றாள் ஆச்சி.

மீன் துடுப்பைச் செவுள் என்று வாய் தவறிச் சொன்னேன். விலங்கியல் வாத்தியாரின் லட்சணம். சிரிக்கலாம்.

வாளை தமிழுக்குப் புதுசில்லை. குறுந்தொகையின் எட்டாம் பாட்டில், வயலோரத்து மாமரத்திலிருந்து பழுத்து விழுகிற பழத்தைக் குளத்து வாளை கவ்வுகிறது. ஆலங்குடி வங்கனார் பாடியது. பரத்தை ஒருத்தி தலைவனைப் பழிக்கிற பாட்டு; மீன் அங்கே வெறும் அலங்காரம் இல்லை, உழைக்காமல் வாய்க்கு வருவதை விழுங்குகிறவனுக்கு அதுதான் உவமை. அதே தொகையில் ஔவையார் பாட்டில் நீர்நாய்க்கு அன்றாட இரையாக வாளை வருகிறது. அன்றாடம் நீர்நாய் தின்னும் அளவுக்கு அந்த மீன் இருந்திருக்கிறது. இன்றைக்கு இந்த அரங்கில் இருக்கிற பிள்ளைகளில் நீர்நாயைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்றால் ஒரு கையும் எழாது. வாளையைப் பார்த்தவர்கள் என்றாலும் அப்படித்தான் இருக்கும்.

அதன் விஞ்ஞானப் பெயரிலும் நம் ஊர் இருக்கிறது. தரங்கம்பாடியில் இருந்த ஜான் என்ற பாதிரியார் இங்கிருந்து மீன்களைச் சாராயத்தில் போட்டு பெர்லினில் இருந்த மார்க்கஸ் பிளாக் என்ற மருத்துவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பிளாக் அந்தக் காலத்து மீன் அறிஞர்களில் தலையானவர். கட்டபொம்மன் இங்கே தூக்கிலிடப்பட்ட அதே 1799-ல், இரண்டு மாதம் முன்னதாக, பிளாக் செத்துப்போனார். அவர் விட்டுப்போன கையெழுத்துப் படியை ஷ்னைடர் என்பவர் முடித்து 1801-ல் அச்சேற்றினார். நம் வாளை லத்தீனுக்குள் போனது அந்தப் புத்தகத்தில்தான். இன்றைக்கு அதன் பெயர் வாலகோ அட்டு. அட்டு என்பது வேறொன்றுமில்லை. ஆற்று வாளை என்பதில் இருக்கிற ஆற்று. வாலகோ என்பதில் தெலுங்கு வாலுகவின் சாயல் இருக்கிறது. இந்தப் பக்கத்துத் தெலுங்கு வீடுகளில் இருந்து வந்திருப்பவர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

அந்த மீனைப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2019-ல் மதிப்பிட்டு, சிவப்புப் பட்டியலில் அழிவாய்ப்பு இனம் என்று வைத்தது. டானகாலின் கோல் சாரும் அதே படியில் வைக்கப்பட்ட மீன்தான். குளிர் ஏரியின் அடியில் பனியுகத்தை வைத்துக்கொண்டு வாழ்ந்த மீனும், வெயிலில் கொதிக்கிற நம் குளத்து மீனும் ஒரே பெஞ்சில்.

வாளை ஏன் குறைகிறது என்பதைப் புரிந்துகொள்ள விராலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். விரால் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும். தேளியும் அப்படி. பனையேறிக் கெண்டையும் அப்படி. குளம் வற்றினால் விரால் சேற்றுக்குள் புதைந்து கிடந்து, அடுத்த மழைக்கு எழுந்து வரும். மழையோடு மீன் வானத்திலிருந்து விழுகிறது என்று நம் பாட்டிமார் சொன்னதற்குப் பாதிக் காரணம் இந்த மீன்கள்தான். கரிசலுக்கென்றே செய்த மாதிரி மீன். வாளைக்கு அந்த வித்தை தெரியாது. அதற்குத் தண்ணீரில் கரைந்த மூச்சுதான். விடியற்காலையில் குளத்துத் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். கலங்கிய ஆழமில்லாத குளத்தில் அந்த நேரம் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். வாளை அதற்குத் தாங்காது. பகலெல்லாம் ஆழத்தில், கரை ஓரத்துப் பொந்துகளில் படுத்துக் கிடக்கும். புதுவெள்ளம் வந்ததும் ஆழத்திலிருந்து ஏறி, புல் முளைத்த ஆழமற்ற வெள்ளக்காட்டுக்குப் போய் முட்டையிடும். பிறகு திரும்ப ஆழத்துக்கு வர வேண்டும். ஆக அதற்கு இரண்டு வேண்டும்: வற்றாத ஒரு கசம், அங்கிருந்து மேட்டுக்கு ஏறி இறங்க ஒரு வழி.

இந்த இரண்டும் நமக்கு இருந்தன. முக்கூடற் பள்ளு பாடிய முக்கூடல் சீவலப்பேரிப் பக்கம்தான் இருக்கிறது. தண்பொருநையும் சிற்றாறும் கூடுகிற இடம். மூன்றாவது ஆற்றை நூல் கோதண்டராம ஆறு என்கிறது. நம் ஊர்ச் சிவன் கோயில் சுவாமிக்கும் கோதண்டராமேசுவரர் என்றே பெயர் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆற்றில் வெள்ளம் வந்ததும் மீன்கள் எதிர்த்து ஏறுவதைப் பாடும்போது அந்தப் புலவர் மீன் பெயர்களை அடுக்கிக்கொண்டே போகிறார், மீன் சந்தையில் நிற்கிற மாதிரி. ஆற்றில் ஏறி, ஓடையில் ஏறி, மறுகால் வழியாகக் குளத்துக்குள் வந்துவிடுகிற மீன் இந்தப் பக்கம் ஒரு காலத்தில் சர்வ சாதாரணம். இப்போது ஓடையெல்லாம் சீமைக்கருவேலம்.

கசம் எப்படிப் போயிற்று என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குளம் என்பது மழைத் தண்ணீரை மட்டும் பிடிக்கிற சட்டி இல்லை. மண்ணையும் சேர்த்துப் பிடிக்கிற சட்டி. கரிசல் மண் மாவு மாதிரி. மழை அடித்தால் கரைந்து ஓடி வந்து குளத்துக்குள் படியும். இது பாண்டியர் காலத்து ஆட்களுக்கும் தெரிந்திருந்தது. குளத்துக்குள்ளே கல்லால் நிறுத்திய குமிழித் தூம்பைப் பார்த்திருப்பீர்கள். அதில் தண்ணீர் போக மேலே ஒரு துளை. அதற்குப் பெயர் நீரோடி. அடியில் சின்னச் சின்னத் துளைகள்; அதற்குப் பெயர் சேறோடி. தண்ணீர் பாய்ச்சும்போதே அடியில் படிந்த சேறும் கொஞ்சம் கொஞ்சமாக வயலுக்குப் போய்விடும். குளத்தின் ஆழத்தைத் தானாகக் காக்கிற ஏற்பாடு.

அதற்கு மேல் கரம்பை. பங்குனி, சித்திரையில் குளம் வற்றினதும் வண்டி கட்டிக்கொண்டு போய்க் கரம்பை மண் அள்ளி நிலத்தில் அடிப்பார்கள். என் அப்பா அடித்திருக்கிறார். வண்டிப் பட்டையில் நானும் உட்கார்ந்து போயிருக்கிறேன். நல்ல கரம்பை மடையை ஒட்டின பள்ளத்தில்தான் கிடைக்கும் என்று எல்லா வண்டியும் அங்கேதான் போட்டி போட்டு நிற்கும். ஆக வருஷா வருஷம் அந்த இடம் மட்டும் ஆழமாகிக்கொண்டே போயிற்று. யாரும் மீனுக்காகக் கசம் வெட்டவில்லை. பயிருக்கு உரம் அள்ளினார்கள், கசம் தானாகக் கிடைத்தது. வேப்பம் புண்ணாக்கு போய், யூரியா மூட்டை வந்தபோது, மாடு போய் டிராக்டர் வந்தபோது, கரம்பை அடிப்பது நின்றது. பத்து இருபது வருஷத்தில் பள்ளம் மேடாயிற்று. ஒரு மீனின் வீடு போனதற்கு உர மூட்டை காரணம் என்றால் கோர்ட்டில் நிற்காது. ஆனால் நடந்தது அதுதான்.

குடிமராமத்து என்று ஒன்று இருந்தது. ஊர் கூடிக் குளத்தைப் பராமரிக்கிற பழக்கம். அதைக் கட்டாயமாக்கி வெள்ளைக்கார அரசு 1858-ல் சட்டமே போட்டது. ஊர்ப் பழக்கம் சட்டமானதும் ஊர்க்காரன் கையை எடுத்துக்கொண்டான் என்பது என் எண்ணம். 2017-ல் தமிழக அரசு அந்தப் பெயரிலேயே திட்டத்தை மறுபடி கொண்டுவந்தது. விவசாயிகள் வண்டல் மண்ணை இலவசமாக அள்ளிக்கொள்ள அனுமதியும் வந்தது. நல்ல காரியம். ஆனால் ஜேசிபி குளத்துக்குள் இறங்கினால் என்ன செய்கிறது? எங்கே லாரி சுலபமாக வந்து போகுமோ அங்கே தோண்டுகிறது. அல்லது மேலாக எல்லா இடமும் ஒரே மட்டமாகச் சுரண்டுகிறது. அளவு புத்தகத்தில் கன மீட்டர் சரியாக வந்துவிடும். குளம் தாம்பாளம் மாதிரி ஆகிவிடும். தாம்பாளத்துத் தண்ணீர் எத்தனை நாள் நிற்கும்?

குளத்தில் மீன் பிடிக்கும் உரிமைக்கு நடக்கிற ஏலத்தையும் சொல்லிவிட வேண்டும். மீன்பாசி குத்தகைக்கு எடுத்தவர் பணம் போட்டவர். கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு வாங்கி விடுகிறார். 1957 ஜூலை 10-ஆம் தேதி கட்டாக்கில் ஹீராலால் சவுத்ரி ஊசி போட்டுக் கெண்டை இன மீன்களை முட்டையிட வைத்ததிலிருந்து குஞ்சுக்குப் பஞ்சமில்லை. அந்த நாளைத்தான் மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடுகிறோம். வட இந்திய ஆறுகளின் மீன்கள் நம் குளத்துக்கு வந்தன. அதற்கு முன்னமே, 1952-ல், ஜிலேபி மீன் மண்டபம் என்ற ஊரில் வந்து இறங்கியாயிற்று. குத்தகைக்காரர் விட்ட குஞ்சை வாளை தின்னும்; அவருக்கு அது திருடன். ஏலக் காலம் முடிவதற்குள் மடையைத் திறந்து கடைசிச் சொட்டு வரை வடித்து, கடைசி மீனையும் அள்ளிவிடுகிறார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. மூன்று வருஷக் குத்தகைக்காரரை முப்பது வருஷம் யோசிக்கச் சொல்வது அநியாயம்.

என்மேல்தான் கோபம். மீன் வளர்ப்புப் பாடத்தில் களை மீன், கொன்றுண்ணி மீன் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் வாளை முதல் வரிசையில். குஞ்சு விடுவதற்கு முன் பண்ணைக் குட்டையில் இவற்றை ஒழிக்க வேண்டும். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீர் என்றால் ஹெக்டேருக்கு 2,500 கிலோ இலுப்பைப் புண்ணாக்கு என்று கணக்கு. இருபது வருஷத்துக்கு மேல் இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். இரண்டு மதிப்பெண் கேள்வி. "குளத்திலிருந்து நீக்கப்பட வேண்டிய மீன்கள் இரண்டினைக் குறிப்பிடுக." வாளை என்று எழுதிய பிள்ளைக்கு முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன். அம்மா ஊர் உடைமரத்தடியில் பார்த்த மீன்தான் அது என்று ஒரு நாள்கூட எனக்கு உறைக்கவில்லை. பண்ணைக் குட்டைக்குச் சொன்னதைக் குளத்துக்கும் சேர்த்தே நாங்கள் சொல்லிக்கொடுத்துவிட்டோம்.

ஓய்வு பெற்றபிறகு ஒரு கோடையில், ஆற்றுப் பாசனத்துக் குளம் ஒன்றின் கரையில் வீச்சு வலையை உதறிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். வலையில் ஜிலேபியும் ஓர் ஆப்பிரிக்கக் கெளுத்தியும். மத்திய அரசு தடை செய்த மீன். அது பாட்டுக்கு மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது. "அண்ணாச்சி, வாளை கிடைக்குதா?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சார்வாள் கசத்தைக் காட்டுங்க, நான் வாளையைக் காட்டுதேன்" என்றார்.

இத்தனை நேரம் நான் பேசியதை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு அடுத்த வீச்சுக்குப் போய்விட்டார்.

சரி, கரிசலில் கசம் சாத்தியமா? சாத்தியம் என்கிறேன். கரிசலுக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு, ஈரம் பட்டால் காலைப் பிடித்துக்கொள்ளும் என்று. அந்தக் குணம்தான் இங்கே உதவி. ஈரத்தில் உப்பி வெடிப்பையெல்லாம் மூடிக்கொள்கிற களிமண் அது. அடியில் தண்ணீர் இருக்கிறவரை கசிவு குறைவு. தண்ணீர் போகிற பெரிய வழி ஆவிதான். கோடையில் நாளொன்றுக்கு ஆறு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பங்குனி, சித்திரை, வைகாசி, தொண்ணூறு நாளுக்கு 54 சென்டிமீட்டர். ஆட்டுக்கும் மாட்டுக்கும், கசிவுக்கும் அதே அளவு ஒதுக்கினாலும், பங்குனி தொடக்கத்தில் இரண்டு மீட்டர் இருந்த பள்ளத்தில் வைகாசிக் கடைசியில் முக்கால் மீட்டருக்கு மேல் நிற்க வேண்டும். இருபதுக்கு இருபது மீட்டரில், குளத்தின் இப்போதைய தரையிலிருந்து இரண்டு மீட்டர் ஆழம் என்றால் 800 கன மீட்டர் மண். டிராக்டர் டிப்பர் ஒன்றுக்கு மூன்று கன மீட்டர் போட்டால் 267 நடை. எப்படியும் அள்ளப் போகிற மண்தான். எல்லா இடமும் சுரண்டாமல் அந்த ஓர் இடத்தில் அள்ளினால் போதும்.

கசம் என்றதும் தாய்மார்களுக்கு வேறு பயம் வரும். மண் அள்ளின குழியில் பிள்ளைகள் விழுந்து சாகிற செய்தி வருஷந்தோறும் வருகிறது. செங்குத்தாக வெட்டிப் போட்டுப் போன குழிகள் அவை. அதை நான் லேசாகச் சொல்லிவிட்டுப் போக மாட்டேன். படித்துறைக்குத் தள்ளி, நாலு பக்கமும் சரிவாக, எல்லை தெரிகிற மாதிரிக் கல் நட்டு வெட்ட வேண்டும். அந்தக் காலத்துக் கசத்துக்கு எல்லைக் கல் இல்லை. ஆனால் அது எங்கே இருக்கிறது என்று ஊரில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும். இப்போது குளத்துக்குள் எங்கே பள்ளம் என்று பஞ்சாயத்துக்கே தெரியாது.

பள்ளம் வெட்டினால் வாளை வந்துவிடுமா? வராது. ஆற்றோடு தொட்டிருக்கிற குளங்களில் வரலாம். தனியாகக் கிடக்கிற மானாவாரிக் குளத்துக்கு எங்கிருந்து வரும்? 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது ஆறும் குளமும் வயலும் ஒன்றாயின. அப்படி ஒரு வெள்ளத்தில் எந்த மீனும் எங்கேயும் ஏறலாம். ஏறின மீன் வெள்ளம் வடிந்ததும் எங்கே தங்கும் என்பதுதான் கேள்வி. முதலில் விரால், அயிரை, கெளுத்தி, உளுவை தங்கட்டும். கொக்கும் நீர்க்காகமும் வைகாசியில் வந்து உட்கார ஓர் இடம் இருக்கட்டும்.

மீன் தானாக வராத இடத்துக்கு மனிதர்கள் கொண்டுபோய் விடவும் முடியும். வேல்ஸில் பெரிஸ் என்ற ஏரியை மின் நிலையத்துக்காக வடிக்க வேண்டி வந்தபோது, அங்கே இருந்த சாரைப் பிடித்துப் பக்கத்து ஏரிகளில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். மின்சாரத்தையும் விடவில்லை, மீனையும் முழுக்கக் கைவிடவில்லை. காற்றாலைக்கு நிலம் கொடுத்த ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு புரியும்.

உங்களிடம் இரண்டு விண்ணப்பங்கள். ஊராட்சி மன்றத்தில் இருப்பவர்களுக்கு: அடுத்த தடவை குளம் தூர் வாரும் மதிப்பீடு உங்கள் மேசைக்கு வரும்போது, மடைக்கு உள்பக்கம் ஒரு கசம் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். மீன்பாசி ஏல நிபந்தனையில், அந்தக் கசத்தை வடிக்கக் கூடாது என்று இன்னொரு வரி. இரண்டே வரி.

மற்றவர்களுக்கு: இந்த அரங்கில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் நிறையப் பேரைப் பார்க்கிறேன். உங்கள் ஊர்க் குளத்தில் கசம் எந்த இடத்தில் இருந்தது, யாராவது வாளை பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா, எந்த வருஷம், மடைக்கு எந்தப் பக்கம்? வாசலில் காப்பி கொடுக்கிற மேசைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பேனாவும் கட்டியிருக்கிறது. எழுதிவிட்டுக் காப்பி குடியுங்கள்.